நெருப்பில் குளிர்கிற பெட்டி

அடுத்தவர் வாசற்படியில் சமன் காட்டும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் டெல்மர் ஹாகன் வணக்கம் சொல்வார். வந்தவர் இன்னும் இன்ஜினைக்கூட அணைத்திருக்க மாட்டார். பனிக்குப் பயந்து வடக்கே இருந்து நாள் கணக்காக, உள்ளேயே குடியிருக்கிற வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்கு வந்து, அப்பாடா என்று கதவைத் திறந்தால், காலடியில் ஒரு பெரியவர் குந்தியிருப்பார். விதைக் கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பி, அரைக்கால்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு குமிழியைப் பார்த்து ‘ச்சு’ கொட்டுவார்.

"இடது பக்கம் இறங்கியிருக்கு. ஃபிரிட்ஜ் ஓடுதா?"

"ஓடுதுங்க."

"முதல்ல அதை அணைங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நான் டெல்மர்."

வடக்கு டகோட்டாவில் அவர் வேலை பார்த்த காலமெல்லாம் ஓட்டியது சரளைச் சாலைகளைச் சமன் செய்கிற இயந்திரம். அதனால் சமன் என்ற விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய கட்சி. அந்தச் சாலைகளில் முட்டை ஏற்றிக்கொண்டு போனவர்கள் வேறு கட்சி. ஆனால் அவர்கள் யாரும் பாலைவனத்துக்கு வருவதில்லை என்பதால் இங்கே அவர் சொன்னதுதான் சட்டம்.

இப்போது வருகிற புது வண்டிகளில் வீட்டில் இருப்பது போன்ற ஃபிரிட்ஜ். கூரையில் சூரியத் தகடு, அடியில் பேட்டரி, உள்ளே மோட்டார். எப்படிக் கோணிக்கொண்டு நின்றாலும் அது பாட்டுக்கு ஓடும். அந்த மாதிரி வண்டிகளை டெல்மர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. "அது ஃபிரிட்ஜ் இல்ல, சாமான்" என்று ஒதுக்கிவிடுவார். அவருடையது எண்பதுகளில் வந்த வண்டி. ஃபிரிட்ஜும் வண்டியோடு பிறந்தது. அதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

"உள்ள மோட்டார் கிடையாது. ஒண்ணும் சுத்தாது, ஒண்ணும் ஆடாது, சத்தம் வராது. அடியில சுண்டுவிரல் அளவு ஒரு காஸ் நெருப்பு. அவ்வளவுதான் சமாச்சாரம்."

"நெருப்பு வெச்சா எப்படிங்க குளிரும்?"

இந்தக் கேள்வியை எவராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு வேண்டாம். கேட்டவருக்கும் கிடைக்காது. தரையில் குச்சியால் படம் போட ஆரம்பித்துவிடுவார். குழாய்க்குள் அமோனியாவையும் தண்ணீரையும் கலந்து பூட்டி வைத்திருக்கிறது. அடியில் நெருப்புச் சுட்டதும் அமோனியா தண்ணீரைக் கழற்றிவிட்டு ஆவியாக மேலே ஓடும். பின்பக்கக் குழாய்களில் வெளிக்காற்றுப் பட்டு ஆறித் திரவமாகும். பிறகு பெட்டிக்குள் இருக்கிற குழாயில் இறங்கி மறுபடி ஆவியாகிறபோது, பாலிலும் வெண்ணெயிலும் இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கடைசியில் பழைய தண்ணீரோடு சேர்ந்து அடிக்கு வழிந்து வரும்.

வர வேண்டும். அதில்தான் டெல்மரின் பிழைப்பே இருக்கிறது. பின்னாலிருந்து தள்ள மோட்டார் இல்லாததால், எல்லாம் சரிவைப் பார்த்துத் தானாக இறங்கி வர வேண்டும். வண்டி கோணலாக நின்றால் நடுவழியில் தேங்கிவிடும். நெருப்போ இதைப் பற்றிக் கவலைப்படாமல் காலிக் குழாயைச் சுட்டுக்கொண்டிருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே போட்ட உப்பு வறண்டு கட்டிதட்டிக் குழாயை அடைக்கும்.

"நம்ம நெஞ்சுக்குள்ள இருக்கற குழாய் மாதிரிதான்" என்பார் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி. "எனக்கு ரெண்டு தடவை அடைச்சுது, டாக்டர் சரி பண்ணிட்டாரு. இதுக்கு டாக்டர் கிடையாது."

சொல்லிவிட்டு, வந்தவருடைய இடது சக்கரத்துக்கு அடியில் பலகை வைக்கக் கிளம்பிவிடுவார். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் வண்டி பக்கமாகப் போகும்போது மட்டும் மெல்ல நடந்து, இழவு வீட்டைக் கடப்பது போலத் தலையைக் குனிந்துகொள்வார்.

இவருடைய மனைவி ஆர்லிஸ். உயரமான, வற்றலான, பொய் சொல்லத் தெரியாத பெண்மணி. நேர்மை நல்ல குணம்தான். ஆர்லிஸிடம் அது ஒரு வியாதியாக இருந்தது. சர்ச்சில் நிதி திரட்டப் பலகாரம் விற்றபோது, தான் செய்த ஆப்பிள் பணியாரத்தைக் கையில் எடுத்தவரிடம், "அதை வாங்காதீங்க, அடி சரியா வேகலை. பக்கத்துல இருக்கறது தேவலை" என்று சொன்னவள். கல்யாணப் பெண் வந்து உடை எப்படி இருக்கிறது என்று கேட்டால், கேட்டவள் பாடு. டெல்மர் ரசமட்டத்தால் ஊரை அளந்தார். ஆர்லிஸ் டெல்மரை அளந்தாள்.

வண்டியைப் பற்றி அவளுக்குப் புகார்கள் நிறைய. படுக்கை குறுகல். குளிக்கிற இடத்தில் முழங்கையை மடக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தக் குளிர்காலத்தில் முட்டை.

"டெல்மர், முட்டைய ஊத்தினா ஒரு பக்கமாவே ஓடுது."

"சட்டி நெளிஞ்சிருக்கும்."

புதுச் சட்டி வாங்கினாள். முட்டை அதே பக்கம் ஓடியது. "இப்ப வர்ற சட்டியெல்லாம் அப்படித்தான்" என்றார் டெல்மர், பிற நாட்டு உற்பத்தியைப் பற்றிச் சில கருத்துகளும் சேர்த்து. ஆர்லிஸ் சட்டிக்கு அடியில் மடித்த துணியை வைத்துப் பார்த்தாள், துணி கருகியது. கடைசியில் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் முட்டை தின்னப் பழகிக்கொண்டாள். தடிப் பக்கம் டெல்மருக்கு.

இவர்களுக்கு ஒரே மகள், ஜோலீன். ஃபார்கோ நகரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. மனிதர்களைப் பார்த்தாலே அவர்களுக்கு என்னென்ன நேரலாம் என்று கணக்குப் போடுகிறவள். அப்பாவுக்கு இரண்டாம் முறை நெஞ்சுவலி வந்ததிலிருந்து, வண்டியை விற்றுவிட்டுத் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். தரைக்குக் கீழே உள்ள அறையைப் புதுப்பித்து, கட்டில் போட்டு, கம்பளம் விரித்து வைத்திருந்தாள். அந்த அறையின் ஜன்னல் புல்தரையோடு ஒட்டியிருக்கும். வெளியே பார்த்தால் பனி தெரியும், அதுவும் அடியிலிருந்து.

போன இலையுதிர் காலத்து விருந்தில் வான்கோழியும் தின்று முடித்த நிறைவில் டெல்மர் வாயைக் கொடுத்தார்.

"என் ஃபிரிட்ஜ் என்னிக்கு நிக்குதோ அன்னிக்கு வண்டிய வித்துட்டு வந்துடறேன். போதுமா?"

"நிஜமா அப்பா?"

"ஹாகன் சொன்னா சொன்னதுதான்."

அந்த ஃபிரிட்ஜ் சாகாவரம் வாங்கி வந்தது என்று அவர் நம்பியிருந்தார். ஜோலீன் சிரித்தபடி அதை மனசுக்குள் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொள்வதுதானே அவள் தொழில். அதன்பிறகு ஞாயிறுதோறும் அவள் ஃபோன் செய்யும்போது அப்பாவின் நெஞ்சைப் பற்றி ஒரு கேள்வி, ஃபிரிட்ஜைப் பற்றி இரண்டு கேள்வி.

ஃபிரிட்ஜ் நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தது வெண்ணெய்தான். கத்தி வைத்ததும் வழுக்கிக்கொண்டு போனது. டெல்மர் வெண்ணெயைத் திட்டினார். அடுத்து ஐஸ் தட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வெயில் பட்ட பக்கம் என்றார். காற்று திசை மாறிவிட்டது என்றார். புகைக்குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும் என்று பிரஷ் விட்டுத் தேய்த்து, முகமெல்லாம் கரியாக எழுந்து வந்தார். நெருப்பு நீலமாக, நேராக, அழகாக எரிந்தது. பெட்டி மட்டும் குளிரவில்லை.

யாருக்கும் தெரியக்கூடாது என்று கடையில் ஐஸ் வாங்கிச் சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்தார். சட்டை நனைந்து சொட்டிக்கொண்டு பாலைவனத்தில் நடந்து வருகிற ஒரு மனிதரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவு நாகரிகமானவர்கள். பேச்சு பின்னால் நடந்தது.

பக்கத்து வண்டி வெண்டல் என்பவருடையது. அயோவா மாநிலத்துப் பல் டாக்டர், ஓய்வு பெற்றவர். பஸ் நீளத்துக்குப் புது வண்டி, மோட்டார் வைத்த ஃபிரிட்ஜ், அதில் கதவைத் திறக்காமலே தண்ணீர் வருகிற ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைப் பற்றி அவர் டெல்மரிடம் சொல்லாத நாள் இல்லை. அவர்தான் ஒரு காலை நேரத்தில் ஆர்லிஸ் கொடுத்த பான்கேக்கைக் கையில் ஏந்தி, பல்லைப் பரிசோதிக்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, ஒரு பக்கம் மெத்தை, ஒரு பக்கம் காகிதம்?"

"குளிர்காலம் பூரா அப்படித்தான்" என்றாள் ஆர்லிஸ். "முட்டையும் ஒரே பக்கமா ஓடுது. சட்டி சரியில்லேங்கறார்."

வெண்டல் டெல்மரைப் பார்த்தார். டெல்மர் பான்கேக்கைப் பார்த்தார். பிறகு எழுந்து, அவசரமில்லாதவர் போல வண்டிக்குள் போனார். அவர் வண்டியை நிறுத்தும்போது பார்ப்பது டிரைவர் இருக்கைக்கு முன்னால் ஒட்டிவைத்த சின்ன வட்ட ரசமட்டத்தை. அதன் குமிழி நட்டநடுவில் நின்றது. கையில் இருந்த நீள ரசமட்டத்தை, ஊரெல்லாம் வைத்துப் பார்த்த அந்த ரசமட்டத்தை, முதல்முறையாகத் தன் சமையல் மேடையில் வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. போன கோடையில் வண்டி கொட்டகையில் வெந்தபோது, முன்னால் ஒட்டியிருந்த வட்ட ரசமட்டத்தின் பசை உருகி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. அந்த வட்டத்தை நம்பி, குளிர்காலம் முழுவதும் வண்டியைக் கோணலாக நிறுத்தி, ஃபிரிட்ஜைத் தன் கையாலேயே சுட்டுக் கொன்றிருந்தார்.

செய்தி பரவ மதியம் வரைகூட ஆகவில்லை. இத்தனை காலம் அவரிடம் பாடம் கேட்டவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கையில் ரசமட்டத்தோடு. துக்கம் விசாரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு வாசற்படியில் வைத்துப் பார்த்தார்கள்.

"இடது பக்கம் இறங்கியிருக்கு போலிருக்கே, டெல்மர்."

"ஃபிரிட்ஜ அணைச்சிட்டீங்கல்ல? முதல்ல அதைத்தான் செய்யணும்னு பெரியவங்க சொல்வாங்க."

டெல்மர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். முகத்தில் ஈயாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. டெல்மர் முந்திக்கொண்டு எடுத்து வானிலை பற்றி விரிவாகப் பேசினார்.

"சரிப்பா. ஃபிரிட்ஜ் எப்படி இருக்கு?"

"ஃபிரிட்ஜுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு."

"அம்மாகிட்ட குடுங்க."

ஆர்லிஸ் ஃபோனை வாங்கினாள். டெல்மர் கண்ணால் கெஞ்சினார். அந்தக் கெஞ்சலுக்குக் கல்லும் கரைந்திருக்கும். "நின்னுபோச்சு" என்றாள் ஆர்லிஸ். "உங்கப்பா வண்டியக் கோணலா நிறுத்தியிருந்தாரு."

அந்த அளவில் இப்போது யாரும் ஃபிரிட்ஜ் செய்வதில்லை. செய்யச் சொன்னால் வண்டியை விற்றுத்தான் வாங்க வேண்டும். ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவர்களை டெல்மர் பிச்சைக்காரர்கள் வரிசையில் சேர்த்துப் பேசியவர். ஆகவே மிச்சமிருந்தது ஒரே வழி, ஏப்பம். பழைய வீட்டு வண்டிக்காரர்களிடையே இது ஒரு சடங்கு. அடைத்துப்போன ஃபிரிட்ஜைப் பிடுங்கி வெளியே எடுத்து, தலைகீழாக நிறுத்தி, புரட்டிப் புரட்டிப் போட்டால் உள்ளே கட்டிதட்டினது கரைந்து வழி விடும் என்பார்கள். பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுகிற கதைதான், என்ன, இந்தக் குழந்தையைத் தூக்க நாலு பேர் வேண்டும்.

ஜோலீன் இதற்கு ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "ஐஸ் கட்டி வந்துதுன்னு அப்பா சொன்னா நம்பமாட்டேன், கடையில வாங்கிப் போட்டுடுவாரு. அம்மா, நீ ஜெல்லி போடு. உறைஞ்சா இருங்க, உறையலேன்னா வந்துடுங்க. சொன்ன வார்த்தை அப்பாவோடது."

கொதிநீரில் கரைக்கிற பச்சை எலுமிச்சை ஜெல்லி, அதற்குள் துருவிய கேரட். அவர்கள் ஊரில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எதற்கும் இந்தக் கிண்ணம் மேசைக்கு வந்தாக வேண்டும். இதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஒரு மனிதனின் மிச்ச வாழ்க்கை எங்கே என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு இதற்குமுன் இந்தப் பண்டத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை.

ஏப்பம் பார்க்கக் கூட்டம் மடக்கு நாற்காலிகளோடு வந்துவிட்டது. ஃபிரிட்ஜை ஜன்னல் வழியாக எடுத்துப் பழைய கம்பளியில் கிடத்தினார்கள். பின்பக்கமெல்லாம் கருத்த குழாய்களோடு அது குப்புறக் கிடந்த கோலத்தைப் பார்த்து டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலிக்கு ஒன்றாக யோசனைகள் வந்தன. வலப்பக்கம் புரட்டு என்றார்கள், இடப்பக்கம் என்றார்கள், ரப்பர் சுத்தியலால் தட்டு என்றார்கள். வெண்டல் மட்டும், சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போடுவதுதான் நல்லது என்றார்.

புரட்டியபோது உள்ளே ‘களக், களக்’ என்று சத்தம் வந்தது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா? இறங்குது!" டெல்மர் மண்ணில் படுத்துக் காதை வைத்தார். "ஆர்லிஸ், வந்து கேளு!"

"நின்னுக்கிட்டே கேக்குது" என்றாள் அவள்.

தலைகீழாகவும் பக்கவாட்டிலும் நாள் முழுக்கக் கிடத்தி, பிறகு இடத்தில் பொருத்தி, வண்டியை மூன்று ரசமட்டங்களின் சாட்சியோடு சமன் செய்து, ஃபிரிட்ஜின் நெருப்பைப் பற்றவைத்தார்கள். சூரியன் இறங்குகிற நேரத்துக்கு ஆர்லிஸ் ஜெல்லியைக் கரைத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். வெண்டல் டெல்மரை ஓரமாக இழுத்தார்.

"இங்க ராத்திரி வெளியில என்ன குளிர்னு உங்களுக்குத் தெரியாதா? கிண்ணத்தை எடுத்து வெளிய வெச்சிட்டு, விடியறதுக்குள்ள உள்ள வெச்சிடுங்க. கல்லு மாதிரி உறைஞ்சிருக்கும்."

"ஹாகன் குடும்பத்துல ஏமாத்து வேலை கிடையாது" என்றார் டெல்மர் உரக்க. ஆர்லிஸ் காதில் விழுகிற தூரத்தில் நின்றிருந்தாள்.

படுக்கப் போகும்முன் அவர் கேட்டார். "உறையலேன்னா?"

"உறையலேன்னா உறையலேன்னு சொல்லுவேன்."

"அங்க உனக்குக் குளிக்கற இடம் பெருசா இருக்கும்."

"இருக்கும்" என்றாள் ஆர்லிஸ்.

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு அந்த அறைதான் வேண்டும் என்பதில் டெல்மருக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை காலமாக முழங்கையை மடக்க முடியாமல் குளித்தவள் வேறு எதை விரும்புவாள்? அவளைக் குற்றம் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் ஃபார்கோவில் யார் வாசற்படியில் போய்க் குந்துவது? அங்கே வீடுகளெல்லாம் சமனாகவே கட்டியிருக்கிறார்கள். அவருக்குப் பயமாக இருந்தது. நெஞ்சு அடைத்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

விடிந்ததும் அவர்தான் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து முகத்தில் பட்ட காற்று வெதுவெதுப்பாக இருந்தது. கிண்ணத்தை அசைத்தார். பச்சைத் தண்ணீர் அலையடித்தது. கேரட் துருவல் அதில் சுகமாக நீந்தியது. கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி விற்பனைக்கு என்று அட்டையில் எழுதி ஜன்னலில் மாட்ட வேண்டும். கறுப்பு மை இருக்கிறதா என்று யோசித்தார்.

ஜோலீன் வேலைக்குக் கிளம்புமுன் கூப்பிட்டாள். அப்பாவிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. அம்மாவைத்தான் கேட்டாள். ஆர்லிஸ் ஃபோனை வாங்கிக் காதில் வைத்து, கிண்ணத்தின் முன்னால் நின்றாள். மகளின் குரல் டெல்மருக்கும் தெளிவாகக் கேட்டது.

"சொல்லும்மா. உறைஞ்சுதா?"

ஆர்லிஸ் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே வெண்டல் கையில் காப்பிக் கோப்பையோடு இந்தப் பக்கமே வந்துகொண்டிருந்தார்.

"உறைஞ்சிருக்கு" என்றாள்.

டெல்மரின் மடியிலிருந்து தொப்பி கீழே விழுந்தது.

"நல்லாவா? கரண்டி நிக்குதா?"

"நிக்குது."

"நீ பொய் சொல்லமாட்டே, அதனால கேக்கறேன். சத்தியமா அம்மா?"

"உஃப்டா!" என்று தன் ஊர்ப் பாணியில் அலுத்துக்கொண்டாள் ஆர்லிஸ். "என்ன புள்ள நீ. இரு, சாப்பிட்டுட்டு இருக்கேன்."

ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஆர்லிஸ் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்து, கேரட் துருவல் மோவாயில் வழிய வழிய, அத்தனையையும் ஒரே மூச்சில் குடித்தாள்.